இன்றைய நிகழ்ச்சிகள்

சென்னையில் எந்தச் சனிக்கிழமை மாலையை எடுத்துக்கொண்டாலும் ஊர் முழுக்க ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கும். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் ஒரு நூல் வெளியீடு, மயிலாப்பூரில் ஒரு உபந்யாசம், வேப்பேரி பெரியார் திடலில் ஒரு சிறப்புக் கூட்டம், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் ஒரு பிரெஞ்சுப் படம், காசிமேட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் வாசலில் விடிய விடியக் கூத்து. பாதிக்கு மேல் கட்டணமே கிடையாது. அப்படியும், “இந்த ஊர்ல பீச்சை விட்டா எங்க சார் போறது?” என்று கேட்பவர்களைச் சந்திக்காமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

ஒரு தமிழ் நாளிதழின் சென்னைப் பதிப்பில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைப் பார்த்துக்கொண்டேன். புதிதாகச் சேரும் உதவி ஆசிரியரிடம் கை பழகுவதற்காகத் தள்ளிவிடும் வேலை அது. சில மாதங்களில் அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டு மாவட்டச் செய்திக்கோ அரசியலுக்கோ போய்விடுவார்கள். நான் போகவில்லை. கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அது என்னிடமே இருந்தது. அரை பத்தி இடம், பொடி எழுத்து. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மூன்று அல்லது நான்கு வரி. என்ன, யார், எங்கே, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு வரியை நம்பி ஒருவர் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறார், இன்னொருவர் அம்பத்தூரில் பஸ் பிடிக்கிறார். அரங்க வாசலில் வந்து நிற்கும்போது கதவு பூட்டியிருந்தால் அவர் மறுபடி அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டார். இந்த நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது.

என் மேசைக்குப் பின்னால் முப்பத்தொரு அறைகள் வைத்த ஒரு மர அடுக்கு இருந்தது. தேதிக்கு ஓர் அறை. காலையில் தபால் வந்ததும் அழைப்பிதழ்களைப் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். மஞ்சள் கார்டு, இன்லேண்ட் லெட்டர், வழவழப்பான கல்யாணப் பத்திரிகை போன்ற அழைப்பிதழ், கையால் எழுதி நகலெடுத்த ஒற்றைத் தாள், பிட் நோட்டீஸ், பிறகு வந்த ஃபேக்ஸ், அதற்கும் பிறகு வந்த மின்னஞ்சல் அச்சுப்படி என எல்லாம் அதில்தான் விழும். முதல் வேலை கிழமை பார்ப்பது. தேதி ஒன்று, கிழமை வேறொன்று என்று வரும் அழைப்பிதழ்கள் கொஞ்ச நஞ்சமல்ல. பக்கத்திலேயே தினசரிக் காலண்டர் தொங்கும். பொருந்தவில்லை என்றால் தொலைபேசி எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, இடம். “பாவாணர் நூலகம்” என்றால் நிறையப் பேருக்குத் தெரியாது; “எல்.எல்.ஏ. பில்டிங்” என்றால் ஆட்டோக்காரரே கொண்டுபோய் விட்டுவிடுவார். அதனால் இரண்டையும் எழுதுவேன். கூடவே பஸ் நிறுத்தத்தின் பெயரையும் சேர்ப்பேன். பக்க வடிவமைப்பாளருக்கு இது பிடிக்காது, ஒரு வரி கூடிவிடுகிறது என்பார். அந்த ஒரு வரியை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

பெரிய சிக்கல் பெயர்கள். நம் ஊர் அழைப்பிதழில் தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை ஆறு பேர், நூலை வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், ஏற்புரை, நன்றியுரை, தொகுப்புரை என்று ஒரு தெருவே குடியிருக்கும். என்னிடம் இருப்பதோ இரண்டு பெயருக்கான இடம். யாரைப் போடுவது? நான் வைத்துக்கொண்ட விதி இது: அன்றைக்கு யார் உண்மையில் விஷயம் பேசப் போகிறாரோ அவர் பெயர், நூல் வெளியீடு என்றால் நூலாசிரியர் பெயர். தலைமையும் முன்னிலையும் கிடையாது, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. மறுநாள் காலை பத்து மணிக்கே தொலைபேசி வரும். “நம்ம தலைவர் பேரை விட்டுட்டீங்களே, நான் அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?” கோபம் நியாயமானதுதான், பாவம், அரங்க வாடகையைக் கொடுத்தவரே அந்தத் தலைவராக இருப்பார். ஆனால் வாசகர் யாரும் தலைமை தாங்குபவரைப் பார்க்கப் பஸ் ஏறுவதில்லை. யார் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துத்தான் ஏறுகிறார்.

அழைப்பிதழைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவரும் பெரியவர்களும் இருந்தார்கள். தபால் துறையிலோ ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ ஓய்வு பெற்று, சொந்தப் பென்ஷனில் மாதக் கூட்டம் நடத்துபவர்கள். பழந்துணிப் பையில் அழைப்பிதழ் கட்டோடு, பத்திரிகை பத்திரிகையாக ஏறி இறங்குவார்கள். “தம்பி, நாளைக்கு வந்துடுமில்ல?” என்று கேட்டுவிட்டு, “பெரிய கூட்டமெல்லாம் வேணாம்பா, பேச வர்றவர் மனசு நோகாம ஒரு இருபது பேர் இருந்தாப் போதும்” என்பார்கள். எங்கள் பகுதி உயிரோடு இருந்ததே இவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். பெரிய சபாவுக்கும் பெரிய பதிப்பகத்துக்கும் விளம்பரம் கொடுக்கப் பணம் உண்டு. மாதக் கூட்டம் நடத்தும் பென்ஷன்காரருக்கு அந்த நான்கு வரிதான் விளம்பரம்.

இந்தச் சின்னக் கூட்டங்களைக் குறைவாக எண்ணக் கூடாது. 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். என் காலத்தில் அது மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆழ்வார்ப்பேட்டை சீனிவாச காந்தி நிலையத்தில் கூடும். அந்த மாதம் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளையெல்லாம் ஒருவர் படித்துவிட்டு வந்து, கதை கதையாகப் பேசி, சிறந்ததொன்றைச் சொல்வார். ஆண்டு முடிவில் மாதத்துக்கு ஒன்றாகத் தேர்ந்த கதைகள் வானதி பதிப்பகப் புத்தகமாக வந்துவிடும். பேரெடுத்த எழுத்தாளரும் முதல் கதை அச்சான இளைஞரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தன் கதையைப் பற்றி யாரோ முன்பின் தெரியாதவர் மேடையில் பேசும்போது அந்த இளைஞர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய இலக்கிய விழாவும் எனக்கு அப்படியொரு காட்சியைத் தந்ததில்லை.

சில ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தால் ஊரின் காலண்டர் மனப்பாடமாகிவிடும். தை பிறப்பதை ஒட்டிப் புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கியது, இடம் மாறி மாறி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. புத்தகம் வாங்கப் பணமில்லாதவர்களும் மாலை மேடைப் பேச்சைக் கேட்கப் போகலாம். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். அன்றைக்கு மாட வீதியில் நீர்மோர்ப் பந்தலுக்குப் பஞ்சமே இருக்காது. ஆகஸ்டில் கம்பன் விழா மூன்று நாள். ஏவி.எம். ராஜேஸ்வரி கல்யாண மண்டபத்தில் அது நடந்த காலத்தில், கம்ப ராமாயணத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு அணி வாதாடுவதைக் கேட்க மண்டபம் நிரம்பி வாசல் வரை ஆட்கள் நிற்பார்கள். கல்யாண மண்டபத்தை நம்பி நடக்கும் விழாக்கள் முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கூடிக்கொள்ளும் என்பது இந்த வேலையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அதே ஆகஸ்டில் 22ஆம் தேதி சென்னை தினம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மண் கைமாறிய நாளை வைத்து, 2004 முதல் எஸ்.முத்தையா போன்றவர்கள் முன்னின்று கொண்டாட ஆரம்பித்தார்கள். அந்த வாரத்தில் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் காலை ஆறரை மணிக்கே நடைப்பயணங்கள் கிளம்பும். ஆகஸ்ட் 29இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் கொடி ஏறும், செப்டம்பர் 8 வரை அந்தப் பக்கம் போக்குவரத்தே மாறிவிடும். புரட்டாசியில் நவராத்திரிக் கச்சேரிகள். பிறகு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மார்கழி வந்துவிடும்.

மார்கழியில் என் அரை பத்தி ஒரு முழுப் பத்தியாக நீளும், அப்போதும் இடம் போதாது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. அந்த ஒரு டிசம்பர்தான் வளர்ந்து வளர்ந்து இன்று ஊர் முழுக்கச் சபாக்களாகப் பரவி நிற்கிறது. தமிழில் பாடுவதற்கென்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில் அவர்களுடைய விழாவும், காலையில் பண் ஆராய்ச்சியும் நடக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களோடு ஒப்பிட்டால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கோ அந்தப் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் மேல் தனிப் பிரியம். ஓதுவார் ஒருவர் பாடிக்காட்ட, ஒரு பண் இன்றைய எந்த ராகத்தோடு சேர்கிறது என்று இரண்டு புலவர்கள் விடாமல் வாதிட்டுக்கொண்டிருப்பதை நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

சீஸன் சமயத்தில்தான் அந்தத் தொலைபேசி வந்தது. பேசியவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் இளைஞர். ஷிப்ட் முடிந்து பேசுகிறார், பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கிறது. “சார், ரேடியோல பாட்டு கேப்பேன். பேப்பர்ல மியூசிக் அகாடமினு போட்டிருக்கீங்க. அங்க நாங்கள்லாம் உள்ள போலாமா சார்?”

நேரத்தையோ வழியையோ அவர் கேட்கவில்லை, அவை பத்திரிகையிலேயே இருந்தன. வேட்டி கட்டியிருக்க வேண்டுமா, உறுப்பினர் அட்டை கேட்பார்களா, ராகம் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பார்களா, இத்தனை கேள்வியும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட், மதியக் கச்சேரிகள் இளைஞர்களுடையவை, அவற்றுக்குப் பல சபாக்களில் கட்டணம் இல்லை, அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் செயல்விளக்கச் சொற்பொழிவுக்கும் யாரும் போய் உட்காரலாம், செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவர் போனாரா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் பகுதியில் இரண்டு சொல் கூடியது. எங்கெல்லாம் விசாரித்து உறுதி செய்ய முடிந்ததோ அங்கெல்லாம் நான்காவது வரியின் முடிவில் ‘அனைவரும் வரலாம்’ என்று போட ஆரம்பித்தேன். கட்டணம் உண்டென்றால் கட்டணம், உறுப்பினருக்கு மட்டும் என்றால் அதையும் போட்டேன்.

இதைப் போட ஆரம்பித்த பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளே மாறிவிட்டன. முன்பு அமைப்பாளர்கள் பேசுவார்கள். இப்போது வாசகர்கள் பேசினார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டார். நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும் அம்மா, வெள்ளிக்கிழமை விடுமுறை, வெண்கலக் கூடத்தை முதலில் பாருங்கள், கால் வலித்த பிறகு பார்த்தால் மனசு ஒட்டாது என்றேன். அலியான்ஸ் பிரான்சேஸில் படம் பார்க்க பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டுமா, கலாக்ஷேத்ரா வளாகத்துக்குள் வெளியாட்களை விடுவார்களா, ரோஜா முத்தையா நூலகச் சொற்பொழிவுக்கு ஆராய்ச்சி மாணவராக இருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். இந்த ஊரில் பண்பாடு என்று பேர் வைத்த கட்டடங்களுக்கு முன்னால் நம் மக்கள் எவ்வளவு தயங்கி நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு திறந்தே இருந்தாலும், வா என்று யாராவது சொன்னால்தான் கால் உள்ளே போகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எனக்கு அழைப்பிதழே அனுப்பாத சென்னை ஒன்று இருந்தது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு. அங்கே நடப்பவை அடுக்கின் எந்த அறையிலும் வந்து விழாது. சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள், மைக் கட்டிய ஆட்டோ ஒரு சுற்று வரும், முடிந்தது. அதனால் ஆடி மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு நானே அந்தப் பக்கம் போய்ச் சுவர்களைப் படித்து வருவேன். ‘கூழ் வார்த்தல், மதியம் 12 மணி. இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து’ என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. கோயில் தருமகர்த்தா வீட்டைத் தேடிப் போய், வெளியாட்கள் வரலாமா என்று கேட்டால் ஆச்சரியமாகப் பார்ப்பார். “ஆத்தா திருவிழாவுக்கு யாரு வேணாம்னு சொல்லுவா? வாங்க, கூழு குடிச்சிட்டுப் போங்க.”

அப்படிப் போன ஓர் இரவை மறக்க முடியாது. போஸ்டரில் பத்து மணி, கட்டியங்காரன் வந்ததோ பதினொன்றரைக்கு. அதுவரை நான் மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்பில் உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த குழு. துரியோதனன் வேடக்காரர் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தானே முகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, மீசை ஏறி, புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி, கடைசியில் கிரீடத்தை இருவர் பிடித்து இறுக்கியபோது, சற்றுமுன் என்னிடம் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டவர் அவர்தான் என்பதை நம்ப முடியவில்லை. திரைக்குப் பின்னால் ஹார்மோனியமும் மத்தளமும் முகவீணையும் சேர்ந்து எழுந்ததும், பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கு அதிகாலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் விடியும் வரை அசையவில்லை. எந்தச் சபாவிலும் இவ்வளவு கவனமான ரசிகர்களை நான் பார்த்ததில்லை. மறு வருடம் அந்தக் கூத்தின் பெயர் எங்கள் பகுதியில் ஒரு பிரபல வித்துவானின் கச்சேரிக்கு அடுத்த வரியில் வந்தது. அதே எழுத்து அளவு, அதே நான்கு வரி.

இந்த எண்ணம் பிற்பாடு ஊரிலேயே பரவியது எனக்குச் சந்தோஷம். 2007இல் சென்னை சங்கமம் வந்து பறையையும் கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வீடுகளுக்கு நடுவே ஒரு விழா தொடங்கியது. பரதமும் பறையும் ஒரே மேடையில். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ ஆரம்பித்து, கானாவுக்கும் மார்கழியில் இடம் உண்டு என்று காட்டியது. இவை பெரிய முயற்சிகள். நான் சொல்வது பொடி எழுத்து அளவிலான வேலையைத்தான்.

அலுவலகத்தில் எங்கள் பகுதிக்கு எப்போதும் ஆபத்துதான். மாலை ஏழு மணிக்கு ஒரு விளம்பரம் வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். ‘நாளைக்குப் போட்டுக்கலாமே’ என்பார்கள். நாளைய செய்தியை நாளை போடலாம், இன்றைய நிகழ்ச்சியை நாளை போட்டு யாருக்கு லாபம்? ஒவ்வொரு நாளும் வாதாடி, நான்கு வரியை மூன்றாக்கி, ‘அவர்கள்’ என்ற மரியாதைகளை எல்லாம் சுருக்கி, எந்தச் சின்னக் கூட்டமும் விடுபடாமல் பார்த்துக்கொள்வேன். பெரியதை எடுத்தாலும் எடுப்பேனே தவிரச் சின்னதை எடுக்க மாட்டேன். பெரியதற்குச் சுவரிலும் பக்கத்திலும் வேறு விளம்பரம் இருக்கும்.

இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது. நல்லதுதான். தபால் செலவு இல்லாமல் ஒரு சின்ன அமைப்பு ஆயிரம் பேருக்கு அழைப்பு அனுப்ப முடிகிறது. ஆனால் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, அழைப்பிதழ்ப் படத்தில் தேதி இருக்கும், ஆண்டு இருக்காது. போன வருடத்துப் படம் இந்த வருடமும் குழுக்களில் சுற்றி வரும், நம்பிப் போனவர் பூட்டிய கதவின் முன் நிற்பார். மற்றொன்று இதைவிடப் பெரியது. கைப்பேசி நாம் ஏற்கெனவே போனதைப் போன்றதையே மறுபடி காட்டுகிறது. எங்கள் அரை பத்தியில் உபந்யாசத்துக்குக் கீழே பெரியார் திடல் கூட்டம் இருக்கும், அதற்குக் கீழே சினிமா சங்கத்தின் படம் இருக்கும். உபந்யாச நேரம் பார்க்கப் பத்தியைத் திறந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், கண் ஒரு வரி தவறிப் பட்டதால் முதன்முதலாக ஓர் ஈரானியப் படத்துக்குப் போனார். பிறகு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தார், எனக்குக் கடிதமும் எழுதினார். தேடாதது கண்ணில் படுவதற்கு ஒரு பொது இடம் வேண்டும். அந்த இடம் சுருங்கிவிட்டது.

ஊருக்குப் புதிதாக வந்து, சனி ஞாயிறு எங்கே போவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய அரங்கம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை, என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே போய் உட்காருங்கள். வாசலில் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள், நாற்காலி எடுத்துப் போடுபவரிடம் அடுத்தது என்ன என்று கேளுங்கள். செயலாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதத்தில் நான்கைந்து அமைப்புகளின் ஆட்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் தேட வேண்டியதில்லை, அழைப்பு தானாக வரும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் ஆண்டையும் கிழமையையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்துப் பஸ் நிறுத்தத்தின் பெயரைப் போடுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று போடுங்கள், தனியாக வரும் பெண்களும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். கண்ணில் படுகிற இடத்தில் ‘அனைவரும் வரலாம்’ என்று போடுங்கள். இடம் போதவில்லை என்றால் முன்னிலை வகிப்பவர்களில் ஒருவர் பெயரை எடுத்துவிட்டாவது அதைப் போடுங்கள்.